எல்லைப் பிரபு வைத்த விருந்து

"முப்பது பேரையும் உட்கார வெச்சுப் பரிமாறிட்டுத்தான் கொன்னாங்களா?"

"ஆமா மேடம். நல்லாச் சாப்பிட்டு, குடிச்சு, கண்ணு சொருகுன பெறகுதான்."

முத்துச்செல்வி குறித்துக்கொண்டார். சிறை நூலகத்தின் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மேசைக்கு எதிரே வெள்ளை உடுப்பில் உக்கிரபாண்டி கைகளை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆயுள் தண்டனை, இது பதினாறாவது வருஷம். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். ஆய்வேட்டுக்கான இந்த வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

ஆய்வேடு கோடு போட்ட தாளில் கையால் எழுதி, நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியின் கிழக்கு எல்லையைக் காத்த பிரபு கேரோவைப் பற்றியது. எல்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்லாவியரோடு அவருக்கு ஓயாத சண்டை. அவர்களின் தலைவர்கள் முப்பது பேரைத்தான் விருந்துக்கு அழைத்துத் தீர்த்தார்.

"இதுல பாஸ் ஆயிட்டா எம்.ஏ. முடிஞ்சிரும் மேடம்" என்றார் வாசலில் ஸ்டூல் போட்டிருந்த வார்டர் கருத்தக்கண்ணன். "முன்கூட்டி விடுறதப் பத்திப் பேச அடுத்த மாசம் போர்டு உக்காருது. ஆளு எம்.ஏ.ன்னா ஒரு வார்த்தை கூடச் சொல்லலாம்ல. இவரு வீட்டம்மா ராமக்காளும் எம்புட்டு நாளைக்குத்தான் கப்பலூர் கம்பெனிக்கு ஓடுவாக?"

"அண்ணே, மேடம் கேள்வி கேக்கட்டும்ணே."

"கேக்கட்டும்யா. நானா கேக்கப்போறேன்? எனக்கு நம்ம ஊரு ராஜாவ விட்டா வேற ராஜா தெரியாது. அவுகளையும் சினிமாவுலதான் பாத்திருக்கேன்."

பல்கலைக்கழகத்தில் இந்தத் தேர்வு டியூட்டியை உண்மையில் நாகசுப்பிரமணியன் சாருக்குத்தான் போட்டிருந்தார்கள். முத்துச்செல்விதான் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வேலைக்குப் புதுசு, அந்த ஆர்வம் என்று துறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"கேரோ அவங்களை ஏன் கொல்லணும்?"

"அவுகதான் மொதல்ல திட்டம் போட்டாக மேடம். இவரைக் கொல்றதுக்கு. தெரிஞ்சதும் இவரு முந்திக்கிட்டாரு."

"அவங்க திட்டம் போட்டதுக்கு என்ன ஆதாரம்?"

"அந்தக் காலத்துலயே ஒரு மடத்துத் துறவி எழுதி வச்சிருக்காரு."

"அவர் எந்தப் பக்கத்து ஆள்?"

உக்கிரபாண்டி தாளைப் புரட்டினார். "கேரோ பக்கத்து ஆளுதான்."

"செத்தவங்க பக்கத்துல யாரும் எழுதலையா?"

"அவுக ஆளுககிட்ட அப்ப எழுத்தே இல்ல மேடம். இவுக சொன்னதுதான் வரலாறு."

முத்துச்செல்வி அதையும் எழுதினார். எழுத்து ஒரே சீராக இருந்தது. குரலும் ஹாஜர் எடுப்பதுபோல அப்படியே இருந்தது.

"உலகத்துல எத்தனையோ ராஜா இருக்காங்க. இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீங்க?"

வார்டர் செருமினார். "மேடம், அத வேணா விட்ருங்களேன்."

"இருக்கட்டும்ணே. கேட்டாச் சொல்லணும்ல." உக்கிரபாண்டி நிமிர்ந்தார். "எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு மேடம். கீழக்குயில்குடில எனக்கும் பக்கத்து வயக்காரன் விருமாண்டிக்கும் வரப்புத் தகராறு. ஊரே உக்காந்து பேசி முடிச்சு விட்டாக. சமாதானம்னு நாந்தான் கெடா வெட்டி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன்."

"வந்தாரா?"

"வந்தான். குனிஞ்சு பந்தியில உக்காந்தான். சட்டை மேல ஏறுச்சு. இடுப்புல, வேட்டிக்குள்ள செருகி, பளபளன்னு தெரிஞ்சது. அருவா. என்னைப் போடத்தான் கொண்டாந்திருக்கான்னு முந்திக்கிட்டேன். கறி வெட்டுன கத்தி கைக்கிட்டயே கெடந்துச்சு."

மழை வருமா வராதா என்று பேசுகிறவர் மாதிரிச் சொன்னார். பல தடவை சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள்.

"கோர்ட்டுல இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அருவா எங்கன்னு கேட்டாக. அவனைத் தூக்கிட்டு ஓடுன சொந்தக்காரவுக அதையும் சேத்துல்ல கொண்டு போயிட்டாக. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. யாரும் நம்பல."

முத்துச்செல்வி மதிப்பெண் தாளை இழுத்தார். கட்டம் கட்டமாக நிரப்பினார். கூட்டிப் பார்த்து, ஒரு முறை சரிபார்த்து, அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

நூற்றுக்கு அறுபத்தெட்டு.

"யோவ், பாஸுய்யா!" வார்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். "அம்புட்டுப் பேருக்கும் டீ சொல்லணும், ஆமா."

உக்கிரபாண்டி எழுந்து கும்பிட்டார். "கேரோ கதைய நம்பி மார்க் போட்டீக. என் கதைய நீங்களாச்சும் நம்புறீகளா மேடம்?"

முத்துச்செல்வி பேனாவை மூடினார். "நம்புறேன். இடுப்புல பளபளன்னு ஒண்ணு இருந்தது நெசந்தான்."

பதினாறு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள். உக்கிரபாண்டியின் முகம் மலர்ந்தது. "அருவாதான மேடம்?"

"எவர்சில்வர் டப்பா. எனக்குக் கறி கொண்டாரதுக்கு எங்கப்பா மறைச்சு எடுத்துட்டு வந்தாரு."