குளிர்ந்த பற்றரி

எழுபத்தெட்டு நிமிடம் என்று காட்டியது சார்ஜரின் திரை.

வெளியே மைனஸ் பதினெட்டு. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரொறன்ரோவின் அஜின்கோர்ட் கடைத்தொகுதிக்கு வந்து எங்கள் மின்சாரக் காரைச் செருகியிருக்கிறோம். பற்றரியில் ஒன்பது வீதம்தான் மிச்சம்.

கோடையில் இதே சார்ஜரில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. குளிரில் கார் சோம்பேறி. எனக்கு அதில் ஒரு மனவருத்தமும் இல்லை.

காரணம், என் கணவர் இக்னேசியஸ். வாயைத் திறக்க அவருக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும்.

இவரும் என் தம்பி யோசப்பும் சிநேகிதர்கள். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் சண்டை முடியும் மாதங்களில், மாத்தளனில் ஒரே பங்கருக்குள் இருந்தவர்கள். இவர் வெளியே வந்தார். தம்பி வரவில்லை. நான் அப்போது ரொறன்ரோவில் தொலைபேசியும் கையுமாக இருந்தேன்.

இவரைக் கலியாணம் கட்டியதில் பாதி, தம்பியைப் பற்றிக் கேட்கலாம் என்ற ஆசைதான். பன்னிரண்டு வருடம் கேட்டேன். யோசப் நல்ல பெடியன் என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம்.

போன மாரிக் குளிரில் இந்தக் காரை வாங்கினோம். ஒருநாள் சார்ஜரில் நிற்கும்போது கண்ணாடியெல்லாம் பனி மூடி, இறங்கிப் போகவும் இடமில்லாமல் இருந்தபோது, அவராகவே தொடங்கினார். அன்றிலிருந்து மாரி ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பி எனக்குக் கிடைக்கிறான்.

வெளிக்கிடும்போதே போகவேண்டிய சார்ஜரைக் காரின் மப்பில், அதுதான் வழிகாட்டும் வரைபடத்தில், போட்டால், வரும் வழியிலேயே பற்றரி சூடாகிவிடும், குளிரிலும் சீக்கிரம் முடியும் என்று வேலையிடத்தில் தீப்தி எப்போதோ சொல்லிவிட்டாள். நான் இவரிடம் மூச்சுவிடவில்லை. இவரும் டக்ஸி ஓடியவர், மப்பைத் தொடுவது மானக்கேடு. என் அதிர்ஷ்டம்.

இன்று நாற்பத்தொரு வீதத்தில் தொடங்கினார்.

"ஒரு தேங்காய்க்குச் சைக்கிளைக் குடுத்திட்டு வந்து நிக்கிறான். கேட்டா, இனி எங்க ஓடுறது, சொதியாவது வைப்பம் எண்டுறான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அச்சொட்டாக எங்கள் யோசப்தான்.

அப்போது பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். நல்ல மனசுக்காரி. இவர் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, வெளிக்கிடேக்க சார்ஜரைக் காரின்ர மப்பில போட்டுவிடுங்கோ. பற்றரி சூடாகிடும். உவ்வளவு நேரம் நிக்கத் தேவையில்லை."

அடுத்த ஞாயிறு முதல் அரை மணித்தியாலம். சைக்கிளோடு தம்பி நின்றுவிடுவான்.

இக்னேசியஸ் தலையாட்டினார்.

"தெரியும் தங்கச்சி. கார் வாங்கின அண்டைக்கே சொன்னவங்கள்."

கண்ணாடியை ஏற்றினார். என் பக்கம் பார்க்கவில்லை.

"எதில விட்டனான்?" என்றார். "ஓம், தேங்காய்."