ஒரே ஒரு சண்டை

தலைமை எழுத்தர் தையல்காரம்மாவின் பூந்தொட்டியை எட்டி உதைத்தார்.

தவறிப் பட்ட கால் இல்லை. இரண்டடி பின்னால் போய், குறிபார்த்து உதைத்த உதை.

தொட்டி உருண்டு உடைந்தது. மண் சந்து முழுக்கச் சிதறியது.

தையல்காரம்மா மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயையோ, கால்ல அடி பட்டுடுச்சா அண்ணே? வழியில தொட்டிய வச்சது என் தப்புதான்."

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

காலையிலிருந்து இது மூன்றாவது முயற்சி. முதலில், கொடியில் காய்ந்த துணிகளைத் தரையில் தள்ளிவிட்டுப் போனார். அவள் அவருக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கொடியையே அவிழ்த்துவிட்டாள். அடுத்து, சந்தின் நடுவில் நின்று காறித் துப்பினார். ஒரு சொம்பு வெந்நீரோடு வந்து, எத்தனை நாளாக இருமல் என்று விசாரித்தாள்.

சாட்சிக்கென்று கூட்டி வந்திருந்த பழைய தபால்காரர் சந்து முனையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சண்டைக்குக் காத்திருந்தே சாவியால் இரண்டு காதையும் குடைந்து முடித்திருந்தார்.

"இன்னும் அவ திட்டலையா?" என்று கொல்லைக் கதவருகிலிருந்து எழுத்தரின் மனைவி குரல் கொடுத்தாள். சக்கர நாற்காலியிலிருந்து அவளால் எழுந்து வர முடியாது.

அதுதான் பிரச்சினையே. எழுத்தரின் வீட்டு வாசல் பக்கம் பள்ளம். தெருவில் இறங்க நாற்பத்தொரு படி. அவர் மனைவியின் முழங்கால்கள் படிகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. கொல்லைப் பக்கம் சமதரை. ஆனால் அங்கிருந்து தெருவுக்குப் போக இந்த நாலடிச் சந்தை விட்டால் வேறு வழி இல்லை. சந்து தையல்காரம்மாவின் சொத்து.

அவள் வீட்டை விற்றுவிட்டாள். மகளோடு போய் இருக்கப்போகிறாளாம். வாங்கியவர் அடுத்த மாதம் சந்தை அடைத்துச் சுவர் வைக்கிறார்.

சேதி கேட்டு எழுத்தர் அசரவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். செக்‌ஷன் நம்பர் இல்லாமல் தும்மமாட்டார். தெருவில் அவருக்குப் பெயரே 'சட்டம்'. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இலவச ஆலோசனை உண்டு.

"இருபது வருஷம் விடாம நடந்த பாதை. எந்தக் கொம்பன் அடைக்கிறான்னு பாத்துடறேன்" என்று மார்தட்டிக்கொண்டு நேற்று வக்கீலிடம் போனார்.

வக்கீலுக்குப் பேரன் வயசு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த அம்மா எப்போதாவது தடுத்ததுண்டா?

என்னையா, தடுப்பதா என்று எழுத்தர் சிரித்துவிட்டார். அவர் தலை தெரிந்தால் போதும், அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள். 'தாராளமாப் போங்கண்ணே' என்பாள். இருபது வருடம், ஒருநாள் தவறாமல். மந்திரிக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடைக்காது.

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

அது மரியாதை இல்லையாம், அனுமதியாம். அனுமதியோடு எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை முளைக்காதாம். வீடு கைமாறினால் அனுமதியும் போச்சாம். ஒரே ஒரு சண்டையாவது நடந்து, அவள் தடுத்து, இவர் மீறிப் போயிருந்தால் ஏதாவது செய்து பார்க்கலாமாம்.

பொடியன் சொன்னது அத்தனையும் எழுத்தருக்குத் தெரிந்த சட்டம்தான். ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். அது தன் வீட்டுக் கொல்லைக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

இப்போது அந்த ஒரே ஒரு சண்டைக்காக அவர் நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது உன் இடம்தானே? நான்பாட்டுக்குப் போறேன், வர்றேன், தொட்டிய ஒடைக்கறேன். உனக்கு ரோஷமே கெடையாதா? போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலையேன்!"

"அத எப்படிண்ணே என் வாயால சொல்லுவேன்?"

"உன் வாயாலதாம்மா சொல்லணும்! சாட்சி உக்காந்திருக்கு, சத்தமாச் சொல்லு!"

சாட்சி நிமிர்ந்து உட்கார்ந்தது.

தையல்காரம்மா மண்ணைக் கூட்ட எடுத்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சிதறிய மண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கண்ண மூடறதுக்கு முன்னாடி எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாருண்ணே. பின்வீட்டு அண்ணன் போறப்பல்லாம் 'தாராளமாப் போங்க'ன்னு வாய்விட்டுச் சொல்லிடணும், ஒருநாளும் தடுத்துடக் கூடாதுன்னு. எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நீங்கதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களாமே?"

எழுத்தர் குனிந்து உடைந்த தொட்டித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

எழுத்தர் இங்கே குடிவந்த புதிது அது. அவள் கணவர் இதே இடத்தில், அளவு நாடா கழுத்தில் தொங்க, தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நம்ம இடத்தில் இன்னொருத்தர் நடந்துகொண்டே இருந்தால், பிற்காலத்தில் பாதை அவருக்கே பாத்தியதை ஆகிவிடுமாமே, அதற்கு ஏதாவது வழி உண்டா?

அந்த இன்னொருத்தர் யார் என்று எழுத்தர் கேட்கவில்லை. அவருக்குக் கேள்விதான் முக்கியம். ஒருமணி நேரம் நின்ற வாக்கில் விளக்கினார். தடுக்காதே, தினமும் நீயாகவே கூப்பிட்டு அனுமதி கொடு, அதற்கப்புறம் அவன் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் பருப்பு வேகாது என்றார். இவ்வளவு விவரமாகக் கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று தோளில் தட்டியும் கொடுத்தார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்த மனிதர் பணிவாக ஒதுங்கி வழிவிட, இதே சந்து வழியாகத்தான் எழுத்தர் வீட்டுக்குப் போனார்.