மயில் மேல் தார்ப்பாய்

மகளின் கல்யாணத்துக்காகக் கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார் பாம்போஸ். கடப்பாரை பட்ட இடத்தில் மண் விலகி, வண்ணக் கற்கள் பதித்த பழங்காலத் தரையில் ஒரு மயில் தெரிந்தது. பதறிப்போய் அதன்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

"டெஸ்புல்லா, வாயைத் திறக்காதே. தொல்லியல் துறைக்குத் தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்க. நாளைக்கே கான்கிரீட் போட்டு மூடிடறேன்."

"நம்ம சைப்ரஸ்ல பொண்ணைப் பெத்தவன்தானே வீடு கட்டிக் கொடுக்கணும்! வீடு இல்லேன்னா சம்பந்தி வீட்டுல கல்யாணமே வேண்டாம்னுடுவாங்களே" என்று மனைவி கையைப் பிசைந்தாள்.

மகள் ஸ்டாலோவுக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"பாவங்க, கல்யாணம் நின்னுடுமோன்னு தவிக்கிறா" என்றாள் டெஸ்புல்லா கணவரிடம்.

மாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய தொல்லியல் அதிகாரி யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே போய்த் தார்ப்பாயை விலக்கினார்.

"எந்தப் பாவி போட்டுக்கொடுத்தான்?" பாம்போஸ் பல்லைக் கடித்தார்.

"இனிமே இங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாதுங்க. ஆராய்ச்சி முடிய மூணு வருஷமாவது ஆகும்."

"மூணு வருஷமா! மாப்பிள்ளை அதுவரைக்கும் காத்துட்டிருப்பாரா?" என்று டெஸ்புல்லா அலறினாள். சம்பந்தியிடம் பேசிப் பார்க்கலாம் என்று பாம்போஸ் உள்ளே ஓட, அவளும் பின்னாலேயே போனாள்.

ஸ்டாலோ அதிகாரியிடம் காபியை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்ன சார், காலையில போன்ல கேட்டப்போ பத்து வருஷம் ஆகும்னு சொன்னீங்களே?"