ஆறக்கூடாத கீறல்

ஒரு விடுகதை போடுகிறேன். பட்ட இடத்துக்கு வலிக்காது. பக்கத்து வீட்டுக்குத்தான் வலிக்கும். மருந்து போட வந்தால் உடையவருக்குக் கோபம் வரும். அது என்ன?

தெரியவில்லையா? ராஜரத்தினத்தின் கார் பம்பரில் இருந்த கீறல்.

ராஜரத்தினம் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீடு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால். அதே காம்பவுண்டில் இன்னொரு வீடு. அதில் பள்ளிக்கூட வாத்தியார் அகஸ்டின், மனைவி ஐவி, மகள் லூயிசா. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் கார் நிற்கும்.

பழைய அம்பாசிடர். பம்பரில் துரு ஏறிவிட்டதால் ராஜரத்தினம் அதற்கு வெள்ளி பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். போன வருஷம் ஒரு நாள் அதில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. காரடியில் லூயிசாவின் சின்ன சைக்கிள் கிடந்தது. வேறு சாட்சி எதற்கு?

அகஸ்டின் அப்போதே வந்துவிட்டார். "தப்புதான் அண்ணாச்சி. பெயிண்ட் வாங்கிட்டு வந்து நானே பூசிடறேன்."

"அட, விடுங்க சார்! பிள்ளைங்கன்னா அப்படித்தான். இதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளா நான்?"

சொந்த மகள் ஜெயபாரதி ஒரு டம்ளரைக் கீழே போட்டால்கூடப் பெல்ட்டை உருவுகிற மனிதர், அடுத்த வீட்டுப் பிள்ளையை இப்படி மன்னித்ததைப் பார்த்து காம்பவுண்டே மெச்சியது.

அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பம்பரில் வைத்துக்கொண்டார்.

மறு வாரமே, "ஜெயபாரதிக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது சார்," என்று பம்பரைத் தடவிக்கொண்டே சொன்னார். அன்று முதல் அகஸ்டின் தினமும் சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கோடையில் குழாயில் தண்ணீர் குறைந்தது. ராஜரத்தினம் காருக்கு முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட்டார். ஐவி தன் குடங்களை ஓரமாக எடுத்து வைத்து, அவர்கள் வீட்டுக் குடங்கள் நிறையும்வரை காத்திருந்தாள்.

நடுவில் இரண்டு தடவை அகஸ்டின் பெயிண்ட் டப்பாவோடு வந்து பார்த்தார்.

"என்ன சார், என்னை அந்நியனா நினைக்கீங்களா?" என்று ராஜரத்தினம் ரொம்ப வருத்தப்பட்டார். டப்பா திரும்பிப் போனது.

கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மெக்கானிக்குக்கும் விளங்கவில்லை. "இன்னா சார், எல்லாத்தையும் பூசச் சொல்லிட்டு இத்த மட்டும் உட்டுடச் சொல்றியே? மூஞ்சிலயே கீது!"

"அது இருந்துட்டுப் போகட்டும்ப்பா. மத்ததைப் பாரு."

மறுபடி டிசம்பர் வந்தது. தூத்துக்குடியில் சித்தி வீட்டில் கிறிஸ்துமஸ் என்று லூயிசா பூரித்துப்போயிருந்தாள். அவள் ரயிலே ஏறியதில்லை. கவுன்களை இப்போதே டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

ராஜரத்தினத்தின் அக்காள் கணவர் அய்யாதுரைக்கு இரண்டு பையன்கள். அரைப் பரீட்சையில் இரண்டு பேருமே கணக்கில் கோட்டை விட்டிருந்தார்கள்.

"லீவு பூராவும் நம்ம சார் சொல்லிக்கொடுப்பாரு மச்சான், கொண்டாந்து விடுங்க," என்று அவரிடம் சொல்லி முடித்த பிறகு, ராஜரத்தினம் அகஸ்டினிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

"ஊருக்குப் போறதா இருக்கோம் அண்ணாச்சி. பாப்பா ரொம்ப ஆசையா..."

"போங்க சார், தாராளமா போங்க. நான் தடுப்பேனா?" என்ற ராஜரத்தினம், பம்பரைப் பார்த்தார்.

அகஸ்டினும் பார்த்தார். "சரி அண்ணாச்சி. அனுப்புங்க."

ராத்திரி சாப்பிடும்போது ஜெயபாரதி சொன்னாள்: "லூயிசா பெட்டியைக் காலி பண்ணிட்டாப்பா. ஒரே அழுகை."

"சின்னப் புள்ளைதானே, ரெண்டு நாள்ல மறந்துரும். நீ சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை பையன்களோடு வந்து இறங்கினார். "எப்படி மாப்ளே, மனுஷன் சும்மாவா சொல்லிக்கொடுக்காரு?"

"வாங்க மச்சான், காட்டுதேன்."

ராஜரத்தினம் காருக்கு முன்னால் குனிந்தார். அவர் விரல் பம்பரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று.

கீறலைக் காணோம்! அந்த இடத்தில் வெள்ளி பெயிண்ட் திட்டுத் திட்டாக, ஈரம்கூடக் காயாமல் மின்னியது.

"யாரு பார்த்த வேலை இது?"

காரே திருட்டுப் போயிருந்தால்கூட அவ்வளவு பெரிய சத்தம் வந்திருக்காது. இரண்டு வீட்டாரும் ஓடிவந்தார்கள். லூயிசாவின் கையெல்லாம் வெள்ளி பெயிண்ட். கிறிஸ்துமஸ் குடில் நட்சத்திரத்துக்குப் பூசிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள்.

"பாத்தீங்களா மச்சான்! இடிச்சதும் இவ, மறைச்சதும் இவ!"

"நான்தான் பூசினேன் அண்ணாச்சி," என்றார் அகஸ்டின்.

"நீங்க பூசினா இப்படியா அப்பிக் கிடக்கும்? மகளுக்காகப் பொய் சொல்லாதீங்க சார், படிச்சவரு!" ராஜரத்தினம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பெயிண்ட் அடிச்சா நடந்தது இல்லைன்னு ஆயிருமா? எம் மக பொய் சொல்ல மாட்டா. அன்னிக்கு அவளும் இங்கதான் விளையாடிக்கிட்டிருந்தா. ஜெயபாரதி, இங்க வா. யாரு சைக்கிளைக் கொண்டு இடிச்சது? பயப்படாம சொல்லு."

லூயிசாவின் பெயரைச் சொன்னால் போதும். அகஸ்டின்கூட அவளைப் பார்த்து, அப்படியே சொல்லிவிடு என்பதுபோல லேசாகத் தலையசைத்தார்.

ஜெயபாரதி பின்னால் மறைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். அதிலும் வெள்ளி பெயிண்ட்.

"நான்தாம்ப்பா இடிச்சேன். நீங்க அடிப்பீங்கன்னு அழுதேன். பழி லூயிசா மேலேயே இருக்கட்டும்னு சாரும் லூயிசாவும் சொல்லிட்டாங்க," என்றாள்.