அறுநூறு ரூபா கமிஷன்

"எண்ணூறு ரூபா அனுப்புறதுக்கு அறுநூறு ரூபா கமிஷன் கட்டுறாள் காக்கா, குவைத்தில இரிக்கிற இந்தப் பிள்ளை. இவளுக்குப் புத்தி இரிக்கா?"

நீட்டிய காசைக் கையில் வாங்காமலே கேட்டாள் சீதேவிப்பிள்ளை. ஓட்டமாவடியில் வெளிநாட்டுக் கோலும் காசும் எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் உசனார் காக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மாதாமாதம் மாங்கேணியிலிருந்து பஸ் ஏறி வந்து அவரோடு இதே சண்டை பிடிக்கிறவள்.

"கம்ப்யூட்டருக்கு எண்ணூறும் ஒண்டுதான், எண்ணாயிரமும் ஒண்டுதான் அக்கா. சின்னக் காசெண்டு அது இரக்கம் பாக்காது. சேத்து வச்சு வருசத்துக்கு ஒருக்கா அனுப்பச் சொல்லுங்க. கமிஷனும் ஒருக்காத்தான்."

"இண்டைக்கு அதச் சொல்லிப்போட்டுத்தான் போவன். கோல் எடுத்துத் தாங்க."

குவைத்துக்கு லைன் கிடைக்கும்வரை வாங்குப் பலகையில் குந்தியிருந்தாள். சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு முகாமில் தன்னோடு ஒரே பாயில் கிடந்த முஸ்லிம் பிள்ளைதான் இப்போது குவைத்தில் இருக்கிறாள். பிறகு சண்டை வந்து ஊரையே கலைத்தது. எல்லாம் ஓய்ந்து திரும்பி வந்தபோது வெறும் வளவுதான் மிஞ்சியிருந்தது. அந்தப் பிள்ளை அனுப்பிய காசில்தான் கூரைக்குத் தகரம் ஒவ்வொன்றாக ஏறியது. எந்தத் தெய்வம் தந்த வரமோ என்று அவள் கும்பிடாத நாளில்லை. அதனால்தான் இந்தச் சண்டை. யார் வீட்டிலோ சட்டி கழுவிச் சம்பாதிக்கிற காசை எவனோ இருந்த இடத்தில் இருந்து தின்பதா?

"லைன் கிடைச்சிட்டு, பேசுங்க அக்கா."

"இஞ்ச பார் மகள், இனி மாசாமாசம் அனுப்பாத. உன்ட கையில சேத்து வை. வருசத்துக்கு ஒருக்கா அனுப்பினாக் காணும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது? கமிஷன் எடுக்கிறவன் உனக்கு மச்சானா?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"சிரிக்காமச் சொல்லு."

"இஞ்ச காசு அனுப்புற கடையில, கம்ப்யூட்டருக்கு முன்னால இருக்கிற பொடியன் ஒவ்வொரு தரமும் 'ஆருக்கு அனுப்புறீங்க?' எண்டு கேப்பான். வருசத்துக்கு ஒருக்கா அனுப்பினா ஒருக்காத்தானே கேப்பான்?"

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

"'உம்மாக்கு' எண்டு சொல்லுவன். உம்மாவக் கடல் கொண்டுபோன பிறகு, அந்தச் சொல்ல வாயால சொல்ல எனக்கு வேற இடமில்ல மாமி."

சீதேவிப்பிள்ளை போனை வைத்துவிட்டு உசனாரிடம் கையை நீட்டினாள்.

"காசத் தாங்க காக்கா. அடுத்த மாசமும் வாறன்."