ஆறைத் தாண்டிய முள்

"பாம்பு இல்லை, ஆனால் சீறும். சீறினால் யாரும் ஓட வேண்டாம். சீறாவிட்டால்தான் ஓட வேண்டும். அது என்ன?"

மெக்கானிக் ஹேமாவதி போட்ட விடுகதைக்கு எழில் யோசித்தாள். எட்டு வயதுப் பெண். ஆயுத பூஜைக்காக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனிக்கு வந்திருந்தாள். கையில் பொரிகடலைப் பொட்டலம்.

"குக்கரா?"

"கிட்ட வந்துட்ட. அதுக்குப் பெரியக்கா." ஹேமாவதி பெரிய பிரஸ் மிஷினின் உச்சியைக் காட்டினாள். செவ்வந்தி மாலைக்குள் பித்தளை கொஞ்சம் மின்னியது. "சேஃப்டி வால்வு. இந்த மிஷினை அமுக்குற சிலிண்டர் காத்துல ஓடுது. மீட்டர் முள் ஆறைத் தாண்டினா, வால்வு தானே திறந்து காத்தை வெளியே விட்டுடும்."

"விடலேன்னா?"

"விடும். நேத்து ஸ்பிரிங்கை ஆறுக்கு வெச்சு, மூணு தடவை சோதிச்சுத்தான் மாட்டினேன். இன்னைக்கு உங்கப்பாவோட முதலாளி பார்க்க நாலாவது தடவை."

அந்த நாலாவது தடவைதான் முக்கியம். வால்வு கம்பெனியில் ஹேமாவதி சேர்ந்து மூன்று மாதம். சோதனைத் தாளில் ரப்பர் கம்பெனி முதலாளி கோதண்டம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எழிலின் அப்பா உத்தமன் வந்தான். சூப்பர்வைசர்.

"இன்னாம்மா, கொயந்தைக்கு டியூஷனா? மொதலாளி வந்துகினு கீறாரு. ரெடி பண்ணு."

"சார், அந்த மாலையைக் கொஞ்சம் எடுத்துட்டு வால்வை ஒரு தடவை பார்த்துடறேன்."

"பூஜை போட்ட மாலை. இன்னைக்குக் கை வெக்கக் கூடாது. நீதானே மாட்டுன? உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹேமாவதி மாலையை விட்டுவிட்டாள்.

கோதண்டம் பேரப் பிள்ளைகளோடு வந்து நின்றார். எல்லாரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, ஹேமாவதி காற்றை உள்ளே விடும் ரெகுலேட்டரைத் திருகினாள்.

முள் நாலைத் தொட்டது. ஐந்து. ஆறு.

சத்தம் இல்லை.

ஆறே கால். அவள் ரெகுலேட்டரை மூடினாள். முள் இறங்கவில்லை. உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியில்லை. பழைய ரெகுலேட்டர், மூடிய பிறகும் கசிந்து, மேலும் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

ஆறரை. ரப்பர் குழாய் விறைத்தது. எங்கோ ஓர் இணைப்பு 'டிக், டிக்' என்றது.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள் ஹேமாவதி. அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏழு. அங்கேதான் சிவப்புக் கோடு.

ஆட்கள் ஓடினார்கள். எழில் மட்டும் ஓடவில்லை. பொரி தரையில் கொட்டியது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. மாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹேமாவதி மெயின் லைனை மூடினாள். பிறகு மண்டியிட்டு, மிஷினுக்கு அடியில் கையை விட்டாள். விறைத்த குழாய் அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நடுங்கியது. கீழே இருந்த வடிகால் திருகைத் திறந்தாள். காற்று தரையில் மோதிப் பீறிட்டது. முள் விழுந்தது. ஆறு. மூன்று. பூஜ்யம்.

வாசல்வரை ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கோதண்டம் நேராக ஹேமாவதியிடம் வந்தார்.

"இன்னாமா பண்ணி வெச்சிருக்க? என் பேரப் பசங்க நிக்கிறாங்க இங்க."

ஹேமாவதி ஏணியில் ஏறி மாலையை விலக்கினாள். சிவப்பாக எதையோ அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"வால்வுக்கு மேல ஒரு வளையம் இருக்கு சார். அது எழும்பினாத்தான் வால்வு திறக்கும். எழும்ப முடியாம சிக்கிக்கிச்சு. ஓட்டுறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும். பார்க்கல. என் தப்பு."

"எதுல சிக்குச்சு?"

"இனிமே சிக்காது சார். மேல ஒரு கூண்டு மாட்டிடறேன்."

"எதுலன்னு கேட்டேன்."

ஹேமாவதி சட்டைப் பையின் பொத்தானைப் போட்டாள்.

"ஊட்ல குக்கருக்கு வெயிட்டு போடற மாரி நெனைச்சுக்கினு வந்துட்டாங்க மொதலாளி," என்றான் உத்தமன். "ஒரு தபா பாத்துட்டு ஓட்டணும்னு தோண வாணாம்?"

பயம் தெளிந்தவர்கள் அதற்குச் சிரித்தார்கள். கோதண்டம் சோதனைத் தாளை வாங்கினார். கையெழுத்துப் போடும் இடத்தில் குறுக்கே கோடு இழுத்தார்.

"உங்க ஆபீசுக்குப் போன் பண்றேன். நாளைக்கு வேற ஆள் வரட்டும்."

"சரி சார்."

ஹேமாவதி ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.

உத்தமன் மகளைத் தேடித் திரும்பினான். எழிலின் இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. மற்றதில் மட்டும் சிவப்பு ரிப்பன் இருந்தது. அவன் மாலையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அவளை ஓரமாக இழுத்துப் போனான்.

"உன் ரிப்பன் எங்க?"

"காலைல அந்த வளையம் ஆடிக்கினே இருந்துச்சுப்பா. விழுந்துடப் போவுதுன்னு நான் ஏணில ஏறி ரிப்பனால இறுக்கிக் கட்டினேன். அப்புறந்தான் மேல மாலை போட்டாங்க."

உத்தமன் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"வாயைத் தொறக்காத. அந்தம்மாவே தன் தப்புன்னு சொல்லிடுச்சு. உனக்கு இன்னா? பேசாம நில்லு."

ஹேமாவதி பெட்டியை மூடுவதை எழில் பார்த்தாள்.

பிறகு மிச்சமிருந்த ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு போய் முதலாளியின் கையில் கொடுத்து, "இதோட ஜோடி அந்த அக்கா பாக்கெட்டுல கீது, நான்தான் கட்டினேன்," என்றாள்.