விமலா பிடித்த லோரி

"வீட்டை என்னைக் கேக்காமப் பார்த்தீங்க. லோரிய நான்தான் பிடிப்பேன். அதுல தலையிடாதீங்க!"

விமலா போட்ட போட்டில் அவள் கணவர் ரவீந்திரன் நல்ல நேரம் பார்க்க நாள்காட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பத்தாங் பெர்ஜுந்தாயில் அவள் நடத்தும் தோசைக் கடையை மூடிவிட்டுச் சுங்கை சோவுக்கு வீடு மாறுவது அவர் தனியாக எடுத்த முடிவு.

ஒரு வாரம் கைப்பேசியும் கையுமாக இருந்தாள் விமலா. நான்கு லோரிக் கம்பெனிகளைத் தட்டிக் கழித்துவிட்டு ஐந்தாவதைப் பிடித்தாள்.

"என் கூட்டாளி லோரி சும்மாதானே நிக்குது?" என்று கேட்டுப் பார்த்தார் ரவீந்திரன்.

"சொன்னா சொன்னதுதான்!"

ஆனி மாதக் கடைசி நாள், காலை ஒன்பது மணிக்குச் சாமான்கள் வாசல் தாண்ட வேண்டும் என்று ரவீந்திரன் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். லோரி வரவில்லை. வேறு லோரிகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆடி பிறக்குமுன் வீடு மாறுகிறவர்கள், கூட்டாளியின் லோரி உட்பட எல்லாவற்றையும் பிடித்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் விமலா சாமி விளக்கை ஏற்றிய பிறகுதான் லோரி வந்து நின்றது.

"விளக்கு வச்சப்புறம் எப்படிலா சாமான் ஏத்துறது? நாளைக்கு ஆடி பொறக்குது, வீடு மாறக்கூடாது. ஆவணி வரைக்கும் அந்தச் சுங்கை சோ வீட்டுக்காரன் காத்திருக்க மாட்டான்!" என்று கத்தினார் ரவீந்திரன்.

ஆத்திரத்தோடு கைப்பேசியில் அந்தக் கம்பெனியைத் தேடினார். 'சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை' என்று பதினேழு பேர் திட்டி எழுதியிருந்தார்கள்.

"இதெல்லாம் நீ படிக்கலையா?"

"பதினேழையும் படிச்சிட்டுத்தான் பிடிச்சேன்," என்ற விமலா, காலையிலேயே ஊறப்போட்டிருந்த உளுந்தைக் கிரைண்டரில் கொட்டினாள்.